கயிற்றின் கடைசி ஆள்

ஜீவனஹள்ளி முன் தெருவில் சங்கமித்ராவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் நேற்றுக் குடிவந்தவராக இருக்க வேண்டும், அல்லது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை மறைக்கிறவராக இருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயது. அகன்ற தோள், கனத்த கை, தெருமுனையில் பேசினால் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை கேட்கும் குரல். சிவாஜிநகர் பக்கம் ஒரு ஹோட்டலின் லாண்டரியில் இருபத்து நாலு வருஷமாக வேலை. மெஷினிலிருந்து ஈர பெட்ஷீட்டுகளை அள்ளி டிராலியில் போடுவது, டிராலியைத் தள்ளுவது, திரும்பி வந்து மறுபடி அள்ளுவது. மூன்று பிள்ளைகள் பெற்றாள். மூன்றாவது பிறந்த இருபத்தைந்தாம் நாளே டிராலிக்கு வந்து நின்றவள் என்று தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள். கேட்கிறவர்கள் சரியாக வியக்கவில்லை என்று பட்டால் இன்னொரு தரம் சொல்வாள்.

ஆனால் அவள் பெயர் பரவியது பெட்ஷீட்டால் அல்ல, கயிற்றால். வருஷா வருஷம் ஏப்ரல் பதினாலு, அம்பேத்கர் ஜெயந்தி அன்று சாயங்காலம், முன் தெருப் பெண்களுக்கும் பின் தெருப் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். பக்கத்துக்கு எட்டுப் பேர். ஜெயித்த தெருவுக்கு ஒரு பித்தளை அண்டா. ஒரு வருஷம் அதை வைத்திருந்து, விசேஷங்களில் பொங்கிப் போட்டு, வேண்டிய மட்டும் பெருமையடித்துவிட்டு, அடுத்த ஜெயந்திக்கு மைதானத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். முன் தெருக் கயிற்றின் கடைசி ஆள் சங்கமித்ரா. கயிற்றின் வாலை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, வயிறு முட்ட மூச்சை இழுத்து, அதை விடாமல் அடக்கிக் கீழ்நோக்கி ஒரு முக்கு முக்குவாள். அதற்குப் பிறகு அவளை நகர்த்த ஜேசிபி வர வேண்டும். பதினொரு வருஷத்தில் ஒன்பது வருஷம் அண்டா முன் தெருவில்தான் இருந்தது.

இந்த வருஷம் பிப்ரவரி மாதத்தில், லாண்டரியில் சாயங்கால ஷிப்ட் முடிகிற நேரத்தில், அவளுக்கு அடிவயிறு கனத்தது. கனத்தது என்றால் வலி இல்லை. ஏதோ கீழே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி. ஏதாவது துணிச் சுருள் மேல் உட்கார்ந்திருக்கிறோமோ என்று எழுந்து நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் ஒன்றும் இல்லை. மறுநாள் குளிக்கும்போது கை தற்செயலாகப் பட்டது. எலுமிச்சம்பழ அளவில், மெத்தென்று, அங்கே இருக்கக் கூடாத ஒன்று இருந்தது. சங்கமித்ரா வாளி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டி என்று முடிவு செய்தாள். கட்டி என்றால் அதுதான், வேறென்ன, முடிந்தது கதை என்று அரை மணி நேரத்தில் தன் சாவு வரைக்கும் போய்விட்டு வந்தாள். மகள் ரூபினிக்கு யார் பிரசவம் பார்ப்பார்கள், புருஷன் ரவிக்குமாருக்கு யார் சோறு போடுவார்கள் என்று அழுதாள். அழுது முடித்துப் படுத்தால், எலுமிச்சம்பழத்தைக் காணோம்! எழுந்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆஜர். காலையில் இருக்காது, வேலை செய்யச் செய்ய வரும், சாயங்காலம் நன்றாக எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். தன்னைப் போலவே டியூட்டி பார்க்கிறதே என்று அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சிரித்தபோது இரண்டு சொட்டு மூத்திரமும் வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

யாரிடம் சொல்வது? ரவிக்குமார் ஆட்டோ ஓட்டுகிறவர். பயணிகளிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத, நல்ல, ஒல்லியான மனிதர். முப்பது வருஷத்தில் இந்த மாதிரிப் பேச்சு அவர்களுக்குள் வந்ததே இல்லை. மகளிடம் சொல்ல வெட்கம். ஆகவே சங்கமித்ரா பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, கச்சை மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மார்ச் முதல் வாரம் மைதானத்தில் பயிற்சி ஆரம்பித்தபோதும் அதே கட்டோடுதான் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

குதிகால் ஊன்றியாயிற்று. மூச்சு பிடித்தாயிற்று. ஒரு முக்குதான் முக்கினாள். கச்சையும் தாங்கவில்லை, ஒன்றும் தாங்கவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சங்கமித்ரா கயிற்றை விட்டாள். எதிரே இழுத்துக்கொண்டிருந்தது முன் தெரு ஆண்கள், சும்மா பயிற்சிக்காக நின்றவர்கள். முன்னால் இருந்த ஏழு பெண்களும் சரசரவென்று மண்ணில் போய் விழுந்தார்கள்.

"என்னாக்கா ஆச்சு?" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்தாள் பிரிஸில்லா. அணிக்குத் தலைவி அவள்தான். சர்ச் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள்.

"இடுப்புடீ. பிடிச்சிக்கிச்சு."

"உனக்கா? இடுப்பா?"

பிரிஸில்லா நம்பவில்லை. அவள் நம்பாததைத் தெருவும் நம்பவில்லை.

மறுநாள் கண் பரிசோதனை என்று பொய் சொல்லிவிட்டு, ரவிக்குமார் ஆட்டோவிலேயே ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் கண் வார்டு வாசலில் இறக்கிவிட்டார். அவர் திரும்பிப் போகும்வரை அங்கேயே ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு பெண்கள் பிரிவுக்கு நடந்தாள். படுக்கவைத்து, இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்த்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி, "கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கர்ப்பப்பை இறங்கியிருக்கு," என்றார்.

"இறங்கிடுச்சா? எங்க?"

"நீங்க பாத்தீங்களே, அங்கதான்."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த துண்டை இரண்டு கையிலும் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினார். குழந்தையைப் போடுகிற தூளி மாதிரி, அடியில் தசைகள் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் எல்லாம் அந்தத் தூளியின் மேல்தான். பிரசவத்தில் தூளி இழுபடுகிறது. சரியாகத் தேறுவதற்குள் பளு தூக்கினால் இன்னும் தளர்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு துணியே நைந்துபோகிறது. மலச்சிக்கலில் முக்குவது, விடாத இருமல், எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. உயிருக்கு ஆபத்து இல்லை. உங்களுக்கு நடுத்தரம், இதைவிட மோசமாக இருந்தால் ஆபரேஷன், இப்போதைக்குப் பயிற்சியும் உள்ளே வைக்கிற வளையமும் போதும் என்றார்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்ற இடத்திலேயே சங்கமித்ரா காதை மூடிக்கொண்டுவிட்டாள். கேட்க ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

"அப்ப ஏப்ரல் பதினாலு கயிறு இழுக்கலாமா டாக்டரம்மா?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எந்தக் கயிறு?"

சங்கமித்ரா விளக்கினாள். எழுந்து நின்று குதிகால் ஊன்றிக்கூடக் காட்டினாள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப கண்டிப்பா வேணாம். மொதல்ல பயிற்சி பண்ணுங்க. அப்பறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் இல்லை என்று அர்த்தம், இது எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரியும். சங்கமித்ராவுக்கு மட்டும் அன்று அது சம்மதமாகப் பட்டது.

வழவழப்பான ஒரு சிலிகோன் வளையத்தை உள்ளே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து கழுவி மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். போட்டதும் பத்து வருஷ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பிறகு பிசியோதெரபி அறையில் நிருபமா என்கிற கன்னடத்துப் பெண் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். அவள் தமிழ் பாதி, கன்னடம் பாதி. மூத்திரத்தை அடக்குவது மாதிரி, காற்றை அடக்குவது மாதிரி, கீழே இருக்கிற தசையை மூடி மேலே இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்திருந்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை. வரிசை நீளம், நிருபமாவுக்கு நேரம் இல்லை. "கொத்தாய்த்தா அம்மா? புரிஞ்சுதா? இழுக்கணும், ஹாங்?" என்றாள்.

இழுப்பதா? யாரிடம் சொல்கிறாள்? சங்கமித்ரா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து பாருங்கள் அவள் உழைப்பை. பஸ்ஸில் இழுத்தாள், லாண்டரியில் இழுத்தாள், குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் இழுத்தாள். பத்து என்றால் முப்பது, மூன்று வேளை என்றால் ஆறு வேளை. வயிறு முட்ட மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க. பஸ்ஸில் எதிர் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் பயந்துபோய் அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இதற்கிடையில் தெருவில் வேறொரு பயிற்சி நடந்தது. சங்கமித்ரா மைதானத்துக்கு வருகிறாள், கல்லில் உட்கார்கிறாள், கயிற்றைத் தொடுவதில்லை. கேட்டால் இடுப்பு என்கிறாள். ஆனால் நடந்து வேலைக்குப் போகிறாள். போதாததற்கு, பின் தெருக் கடைசி ஆள் முத்தம்மாவும் அவளும் ரேஷன் கடையில் பத்து நிமிஷம் பேசினார்களாம். அதே வாரம் ரவிக்குமார் ஆட்டோவுக்குப் புது சீட் கவர்! சிவப்பு ரெக்ஸின், தங்க நூல் தையல். இரண்டையும் இரண்டையும் கூட்டினால் எவ்வளவு என்று தெருவுக்குத் தெரியாதா? சங்கமித்ரா பின் தெருவுக்கு விலைபோய்விட்டாள் என்று மார்ச் கடைசியில் முடிவாகிவிட்டது. ரேஷன் கடையில் பேசியது கெட்டுப்போன துவரம்பருப்பைப் பற்றி என்பதை யாரும் கேட்கவில்லை.

சங்கமித்ராவுக்குக் காதில் விழுந்தது. பதினாலாம் தேதி இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றால் எல்லா வாயும் மூடும், அதுவரை இழு என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேளைக்கு ஐம்பதாக்கினாள்.

ஏப்ரல் முதல் வாரம், லாண்டரிக் கழிப்பறையில், ஐம்பதில் முப்பத்தெட்டாவது இழுப்பில், வளையம் டொக்கென்று கீழே விழுந்தது.

அதைக் கழுவி, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் இருந்த தட்டுக்கு மேல் தட்டில் வைத்து, லீவு சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிருபமா முன்னால் பாக்ஸைத் திறந்து வைத்தாள்.

"உங்க வளையத்துக்குப் பலம் போதல. என் இழுப்பு தாங்கல."

நிருபமா வளையத்தைப் பார்த்தாள், சாதத்தைப் பார்த்தாள், சங்கமித்ராவைப் பார்த்தாள். "மலகிக்கொள்ளி அம்மா. எப்படி இழுக்கிறது, நான் பாக்கணும்," என்று படுக்கச் சொல்லி, அடிவயிற்றில் ஒரு கையை வைத்தாள். சங்கமித்ரா தன் திறமையைக் காட்டினாள். மூச்சு, அடக்கு, முக்கு.

"அய்யய்யோ, நில்சி, நில்சி!" என்று கையை எடுத்தாள் நிருபமா. "அம்மா, நீங்க இழுக்கறது இல்ல. தள்றது!"

"நானா?"

"நீங்கதான். மேல வர வேண்டியத கீழ தள்றீங்க. தினா எத்தன தடவ பண்றீங்க?"

வேளைக்கு ஐம்பது, ஆறு வேளை என்றாள் சங்கமித்ரா. நிருபமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். கொஞ்ச நேரம் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்த சங்கமித்ராவும் சிரித்தாள், சிரிக்கக் கூடாது என்பது ஞாபகம் வரும்வரை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினொரு வருஷமாக மைதானத்தில் செய்ததும் இதேதானே. இருபத்து நாலு வருஷமாக ஈர பெட்ஷீட்டை அள்ளும்போது செய்ததும் இதேதான். பலம் என்றால் மூச்சை அடக்கி முக்குவது என்று யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டு, தன் கர்ப்பப்பையைத் தானே ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு என்று வாசலுக்கு அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. நிருபமா ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று வரிசையைப் பற்றி நிருபமா கவலைப்படவில்லை. மூச்சை வெளியே விடச் சொன்னாள், காபி ஆற்றுகிற மாதிரி மெதுவாக. "கல்யாண மண்டபம். சம்பந்தி பக்கத்துல இருக்காங்க. உங்களுக்கு காஸ் வருது. என்ன பண்றீங்க?" சங்கமித்ரா செய்தாள். வயிறு அசையவில்லை, தொடை அசையவில்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே மட்டும் ஏதோ ஒன்று சுருங்கி, ஒரு நூல் அளவு மேலே ஏறியது.

"ஆய்த்து! அதேதான்!"

"இவ்ளோதானா? இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?"

"இவ்ளோதான். பளு தூக்கறப்ப முன்னாடி இது, அப்பறம் மூச்சு விட்டுட்டே தூக்கணும்."

டாக்டரம்மா இன்னும் பெரிய அளவு வளையம் ஒன்றை மாட்டிவிட்டார். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம் என்றார். ஹோட்டலுக்குக் கொடுக்கக் கனம் தூக்கக் கூடாது என்று சீட்டு எழுதினார். கயிற்றைப் பற்றி அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இந்த வருஷம் இல்ல. பாக்கலாம்னும் சொல்லல," என்றார்.

ஜெயந்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முன் தெரு மன்றத்துக் கூடத்தில் அணிக் கூட்டம். எட்டுப் பெண்கள், ஓரத்தில் ஆர்வத்தோடு நின்ற பத்துப் பதினைந்து ஆண்கள், அவர்களுக்குள் தலையைக் குனிந்தபடி ரவிக்குமார். பிரிஸில்லா சுற்றி வளைக்கவில்லை.

"மித்ராக்கா, நேராவே கேக்கறேன். பின் தெருக்காரங்க உனக்கு என்னா குடுத்தாங்க?"

இடுப்பு என்று சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி முத்திரையோடு சீட்டு இருக்கிறது, இடுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன் என்று சாதித்துவிடலாம். யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் எட்டுப் பெண்களும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையில் சங்கமித்ராவுக்கு ரத்தம் கொதித்தது. விலைபோனவள் என்ற பேரோடு இந்தத் தெருவில் கிடப்பதைவிட வெட்கம் பெரிதில்லை என்று பட்டது.

"ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க."

போனார்கள். ஜன்னலண்டை நின்ற இருவரை அவள் பெயர் சொல்லி விரட்டினாள். பிறகு சொன்னாள்.

"எனக்குக் கர்ப்பப்பை இறங்கிடுச்சு. நின்னா வெளிய வருது, படுத்தா உள்ள போவுது. டாக்டரம்மா வளையம் வெச்சிருக்காங்க. நான் இழுத்தா அது மறுபடி விழும். இதான் பின் தெருக்காரங்க எனக்குக் குடுத்தது. போதுமாடீ?"

பிரிஸில்லாவின் முகம் வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று சங்கமித்ரா காத்திருந்தாள். பிரிஸில்லா கேட்டது வேறு.

"துணி வெச்சிக் கட்டுவியாக்கா?"

"கட்டினேன். நிக்கல."

"எனக்கும் நிக்கல," என்றாள் பிரிஸில்லா.

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. மூன்றாவது இடத்தில் நிற்கிற பெட்ரோல் பங்க் சீதாலட்சுமி, இருமினால் சொட்டுகிறது, அதுவும் இதுதானா என்று கேட்டாள். ஒருத்தி வளையத்தோடு புருஷனிடம் படுக்கலாமா என்று கேட்டு, மற்றவர்கள் அவள் முதுகில் அடித்துவிட்டு, பதிலுக்காக அவளைவிட ஆவலாகக் காத்திருந்தார்கள். தனக்குப் போட்டதோடு படுக்கலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார் என்று சங்கமித்ரா சொன்னபோது ஒரு பெருமூச்சு எழுந்தது. கடைசியில் தலையை எண்ணிப் பார்த்தால் எட்டில் ஐந்துதான் தேறியது. சங்கமித்ரா, பிரிஸில்லா, சீதாலட்சுமி மூன்று பேரும் கயிற்றைத் தொடக் கூடாது என்று சங்கமித்ராவே தீர்ப்புச் சொன்னாள்.

ஆள் வேண்டுமே. மூன்று இளம் பெண்களைப் பிடித்தார்கள். அதில் மாடி வீட்டில் குடியிருக்கும் லாவண்யாவும் ஒருத்தி. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்கிறவள், நாமக்கல்காரி. உயரமாக இருக்கிறாள் என்ற ஒரே தகுதியில் அவளைக் கடைசி ஆளாக்கினார்கள். அவள் முதலில் கேட்டது கையுறை.

பதினாலாம் தேதி சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. நீலக் கொடிகள், மைக் செட், பஜ்ஜி வண்டி. சங்கமித்ரா கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "மூச்ச வுடு, இழு! மூச்ச வுடு, இழு!" என்று கத்தினாள். அவள் காலடியில் கயிறு ஓடியது. கை தானாகவே நீண்டது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இவ்வளவு கஷ்டமான காரியத்தை அவள் அந்த மைதானத்தில் அதுவரை செய்ததில்லை. முதல் சுற்றில் முன் தெரு இருபது விநாடி தாக்குப்பிடித்தது. இரண்டாவதில் லாவண்யாவின் கையுறை மட்டும் கயிற்றோடு எதிர்ப்பக்கம் போனது.

பின் தெரு துள்ளியது. மைக்கில் முத்தம்மாவின் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். போட்டோ எடுப்பதற்காக, லாவண்யாவை விட்டுவிட்டு, வருஷா வருஷப் பழக்கத்தில் முத்தம்மாவையும் சங்கமித்ராவையுமே அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி, ஆளுக்கொரு காதைப் பிடிக்கச் சொன்னார்கள். சங்கமித்ரா சம்பிரதாயத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். தோற்றது எரிந்தது, அதை மறைக்க அவளுக்குத் தெரியாது. பதினொரு வருஷம் எதிரே நின்று முறைத்த முகம், இப்போது தோளுக்கு ஒரு முழம் தள்ளி, வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"மித்ரா," என்றாள் முத்தம்மா. கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடியே, உதடு அசையாமல். "உன் விசயம் எங்க தெருவுக்கும் வந்துச்சு. அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை?"

சங்கமித்ரா திரும்பிப் பார்த்தாள். முத்தம்மா ஒரு கையால் அண்டாவின் காதைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை அடிவயிற்றில் இருந்தது. கால்கள் கொஞ்சம் அகன்றிருந்தன. பிப்ரவரி மாதம் முழுவதும் சங்கமித்ரா லாண்டரியில் நின்றது அப்படித்தான்.

"உனக்குமா?"

"ரெண்டு வருசமா. இன்னிக்கு முழுசாவே வந்துடுச்சு. நகர முடியல. சிரி, போட்டோ புடிக்கறான்."

சங்கமித்ரா சிரித்தாள். எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை. "வியாழக்கெழம. எட்டு மணிக்குள்ள டோக்கன் போடணும். ஏழு மணிக்குத் தெருமொனையில நில்லு, எங்க வூட்டுக்காரரு ஆட்டோ வரும்."

"தெருவுல பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

போட்டோ முடிந்தது. பின் தெருக்காரர்கள் அண்டாவைத் தூக்கச் சொல்லி முத்தம்மாவைச் சுற்றிக் கூச்சல் போட்டார்கள். ஜெயித்த கடைசி ஆள்தான் அதைத் தலைக்கு மேல் தூக்கித் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் வழக்கம். முத்தம்மா குனியப் போனாள். சங்கமித்ரா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாத," என்றாள். பிறகு மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "என்னாங்க! இங்க வாங்க!" என்று கூப்பிட்டாள்.

ரவிக்குமார் வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்கிற ஆள் இல்லை அவர். பின் தெருவின் அண்டாவை முன் தெருக்காரர் தலையில் சுமந்துகொண்டு, முன் தெரு வழியாகவே, சொந்த ஜனம் வாயைப் பிளந்து பார்க்க, பின் தெருவுக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கடைசி ஆட்களும் கையைக் கோத்துக்கொண்டு, மெதுவாக, மூச்சை விட்டுவிட்டு நடந்தார்கள்.